கூட்டுவதோ, கலைப்பதோ? – மன்னார் மணல் முற்றத்தில் ஓர் ஊதுபொறி

மன்னார்த் தீவில் பொழுது புலர்வதைச் சேவல் மாத்திரம் அறிவிப்பதில்லை. கோயில் மணியும் தேவாலய மணியும் பள்ளிவாசலின் பாங்கொலியும் ஒன்றன்பின் ஒன்றாக எழும் அவ்வேளையில், அவற்றுக்கெல்லாம் சுருதி கூட்டுவதுபோல் இன்னோர் ஓசையும் எழும். சர், சர் என்று மணலை வருடிச் செல்லும் ஈர்க்கு விளக்குமாற்றின் ஓசையே அது. பேசாலையிலும் எருக்கலம்பிட்டியிலும் தலைமன்னாரிலும் மணல் முற்றமுள்ள வீடுகள் பல. இரவில் உதிர்ந்த வேப்பிலையும், பூவரசின் பழுத்த இலையும், தெருவில் உலாவும் கழுதைகள் விட்டுச் சென்ற எருவும் அகற்றப்பட்டு, விளக்குமாற்றின் கீற்றுகள் அலையலையாகப் பதிந்து கிடக்கும் முற்றத்தைக் காண்பது கண்ணுக்கு விருந்து. அஃது அழகுக்காக மாத்திரம் அன்று. மாலையிற் கூட்டிய மணலில், இரவு ஊர்ந்த பாம்பின் தடம் விடியலிலே தெரியும்.

இந்த ஓசைக்குச் சென்ற மாசி மாதத்தில் எங்கள் வளவிலே ஒரு போட்டி நேர்ந்தது. கனடாவில் வாழும் என் மருமகன் ஒரு கலியாணத்தின் பொருட்டு ஊர் வந்தான். அவன் முன்னதாகவே கப்பற்பொதியில் அனுப்பிவைத்த பெட்டியொன்று வந்து சேர்ந்திருந்தது. பெட்டிக்குள் இருந்தது இலையை ஊதித் தள்ளும் பொறி. கம்பி இல்லை, எண்ணெய் இல்லை, பற்றரியால் இயங்குவது. “மாமா, இனி முற்றத்துக்குப் பத்து நிமிஷம் போதும்” என்றான். எங்கள் வளவையும் அயலிலுள்ள சில வளவுகளையும் முப்பது ஆண்டுகளாகக் கூட்டிவரும் அம்மையார், கையில் விளக்குமாற்றுடன் அதனைச் சற்று நேரம் பார்த்து நின்றார். பின்னர், “அப்ப எனக்கு வேலை இல்லையோ, தம்பி?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆயினும் அந்தக் கேள்வி சிரிப்போடு போய்விடவில்லை.

ஒரு கருவியை மதிப்பிடுவது எப்படி? அது வலியதா என்று பார்ப்பது ஒரு முறை. அஃது எந்த நிலத்துக்கு, எந்தக் கைக்கு, எந்த வேலைக்கு என்று பார்ப்பது மற்றொரு முறை. விளம்பரம் முதலாவதைக் கூறும். இரண்டாவதை நாமே கண்டறிதல் வேண்டும். அவ்வாறு கண்டதை ஆசிரிய அன்பர்களும் மாணவரும் அறியும்படி ஈண்டுக் கூறுகின்றேன்.

பொறியின் இயல்பு

பொறியின் உள்ளே ஒரு விசிறி. அதனைச் சுழற்றுவது தூரிகையற்ற சிறு மோட்டார். பின்புறத்தால் காற்றை உள்ளிழுத்து, குழலின் வாயால் முன்னே உமிழும். எங்கள் கைக்கு வந்த பொறி, உச்ச நிலையில், நிமிடத்திற்கு 15 கன மீற்றர் காற்றை வினாடிக்கு 60 மீற்றர் வேகத்தில் வெளியேற்றும் என்று குறிக்கப்பட்டிருந்தது. வினாடிக்கு 60 மீற்றர் என்பது மணிக்கு 216 கிலோமீற்றர். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் 23ஆம் நாள்களில் தனுஷ்கோடியை அழித்து, இக்கரையில் தலைமன்னாரையும் அலைக்கழித்த புயலை நினைவிற் கொண்டோர்க்கு, இஃது எத்தகைய வேகம் என்பது விளங்கும். புயல் ஊரை மூடும். இது மூன்று விரற்கடை அகலமான குழலுக்குள் அடங்கும். வேறுபாடு அவ்வளவே.

பௌதிகம் பயிலும் மாணவர் ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம். ஒரு கன மீற்றர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிலோகிராம். வினாடிக்குக் கால் கன மீற்றர் காற்று 60 மீற்றர் வேகத்தில் வெளியேறினால், அது தள்ளும் விசை 18 நியூற்றன். அதாவது ஏறக்குறைய 1.8 கிலோகிராம் பாரம். அக்காற்றோட்டத்தின் இயக்க வலு 540 வாற்று. விசிறியிலும் மோட்டாரிலும் உண்டாகும் இழப்பையும் சேர்த்தால், பற்றரியிலிருந்து ஏறத்தாழ 1,000 வாற்று எடுக்கப்படும். பற்றரியோ 56 வோல்ற்று, 5 அம்பியர்-மணி. இரண்டையும் பெருக்கினால் 280 வாற்று-மணி. ஆகவே உச்ச வேகத்தில் பதினேழு நிமிடத்திற்குள் பற்றரி ஓய்ந்துவிடும். ‘வலிமை மிக்கது’ என்ற சொல்லுக்குப் பின்னால் இந்தப் பதினேழு நிமிடம் ஒளிந்திருப்பதை வாங்குவோர் உணர்தல் வேண்டும். ஆயினும் இன்னொரு விதியும் உண்டு. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அது கேட்கும் வலு எட்டில் ஒரு பங்காகக் குறையும். மெல்ல ஊதத் தெரிந்தவனுக்குப் பற்றரி நெடுநேரம் உழைக்கும். முழுவதையும் முடுக்குபவனுக்கு நடுமுற்றத்திலேயே கைவிடும்.

அந்நிய நாட்டிலிருந்து இத்தகைய பொறியைத் தருவிப்போர் வேறிரண்டையும் கருதவேண்டும். 160 வாற்று-மணிக்கு மேற்பட்ட லித்தியப் பற்றரியைப் பயணிகள் தம் பொதியோடு விமானத்திற் கொண்டுவர அனுமதி இல்லை. அதனாலேயே எங்கள் பொறி கப்பலேறி வந்தது. மேலும் கனடாவின் வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று. நமதோ 230 வோல்ற்று. அங்குள்ள மின்னேற்றியை இங்கே நேரே சொருகினால் பொசுங்கிப்போகக்கூடும். இதனை நாங்கள் முன்னரே கண்டு, மின்னழுத்தத்தைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் ஒன்றைத் தேடிப் பெற்றோம். ‘போட்டவுடன் வேலை செய்யும்’ என்ற பொறி, போடுவதற்கு முன்னரே இரண்டு நாளைத் தின்றது.

தீவின் தென்கரையில் இலங்கை மின்சார சபை அமைத்த ‘தம்பபவனி’ காற்றாலை நிற்கிறது. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் திறந்துவைக்கப்பட்ட அந்நிலையத்தில் 30 காற்றாடிகள். மொத்த வலு 103.5 மெகாவாற்று. அதன்பின் தீட்டப்பட்ட காற்றாலைத் திட்டங்கள் பற்றித் தீவு மக்களுக்குள்ள கவலைகள் பல. அவற்றைத் தனியே ஆராய்தல் வேண்டும். ஈண்டு நான் கருதுவது ஒரு வேடிக்கையையே. காற்றைக் கொடுத்து மின்சாரம் வாங்கும் தீவில், அந்த மின்சாரத்தைக் கொடுத்துக் காற்று வாங்கப் புறப்பட்டோம் நாங்கள்!

மணலும் இலையும்

முதற் சோதனை மணல் முற்றத்தில் நடந்தது. மாசியும் பங்குனியும் வேம்பு இலையுதிர்க்கும் காலம். வாடை ஓய்ந்து சோழகம் தொடங்காத அந்த இடைவேளையில் காலைப் பொழுது அமைதியாக இருக்கும். ஆகவே பொறிக்கு இதனினும் நல்வாய்ப்பு அமையாது. மருமகன் விசையை அழுத்தினான். வேப்பிலை எழுந்தது, அதனோடு முற்றமும் எழுந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் மணற்புகை ஒன்று திண்ணையை நிறைத்தது. பொறியின் வாய் பட்ட இடமெல்லாம் கோப்பை போன்ற குழிகள். இலை ஓடி வேலியோரம் ஒதுங்கியது. அதன்மேல் மணல் போய்ப் படிந்தது. இலையை மணலினின்று பிரிக்க எண்ணியவர், இலையையும் மணலையும் இடம் மாற்றி வைத்தவரானோம்.

இதற்குக் காரணம் யாதென்பதைப் பாலைநில மணலின் இயக்கத்தை ஆராய்ந்த பக்னோல்ட் என்ற ஆங்கிலேயப் பொறியியலறிஞரின் நூல் விளக்குகிறது. அது 1941ஆம் ஆண்டில் வெளிவந்தது. உலர்ந்த நுண்மணல், வினாடிக்கு ஐந்தாறு மீற்றர் வேகமுள்ள காற்றிலேயே நகரத் தொடங்கும். உருளும் ஒரு மணி துள்ளி விழுந்து வேறு பல மணிகளைத் துள்ளச் செய்யும். அவ்வாறே மணற்புயல் பிறக்கிறது. ஊதுபொறியின் காற்றோ, குழலின் வாயை நீங்கி ஒரு மீற்றர் சென்றபோதும் வினாடிக்கு 27 மீற்றர் வேகத்தோடும், மூன்று மீற்றர் சென்றபோதும் 9 மீற்றர் வேகத்தோடும் இருக்கும் என்பது கணக்கு. இலையை எழுப்பும் வேகமும் மணலை எழுப்பும் வேகமும் அருகருகே இருப்பவை. அவ்விரண்டுக்கும் நடுவேயுள்ள இடைவெளி நூலிழை போன்றது. வலிய பொறி அந்த நூலிழையில் நடக்க மாட்டாது.

சரி, நீர் தெளித்து மணலைப் படியவைத்தபின் ஊதலாமே என்று கேட்கலாம். அதனையும் செய்து பார்த்தோம். ஈரமணல் அசையவில்லை என்பது உண்மை. ஆனால் ஈரமான வேப்பிலையும் மணலோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது.

இப்போது ஈர்க்கு விளக்குமாற்றை நோக்குக. தென்னங்கீற்றினின்றோ பனையோலையினின்றோ வகிர்ந்தெடுத்த ஈர்க்குகளை ஒன்றாகக் கட்டினால் அது விளக்குமாறு. அதன் நுனி விரிந்து மணலைத் தொடும்போது, ஈர்க்குக்கும் ஈர்க்குக்கும் நடுவே இடைவெளி இருக்கும். மணல் அந்த இடைவெளியால் நழுவிப் பின்னே தங்கும். இலை மாத்திரம் முன்னே செல்லும். எனவே விளக்குமாறு என்பது தள்ளும் கருவி மாத்திரம் அன்று. அஃது ஓர் அரிதட்டு. கையின் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும், ஈரத்துக்கு ஒருவாறும் உலர்வுக்கு ஒருவாறும் அதனைச் சாய்த்தும் நிமிர்த்தியும், அரிதட்டின் கண்ணை நொடிக்கு நொடி மாற்றுகிறது கூட்டுபவரின் மணிக்கட்டு. இக்கல்வியை எந்தப் பாடசாலையிலும் நாம் கற்பிப்பதில்லை. அதனால் அதனைக் கல்வி என்று கருதுவதுமில்லை.

அடுத்து நேர்ந்ததை மறைப்பதற்கில்லை. ஒன்பது மணியளவில் கடற்காற்று மெல்ல எழுந்தது. வேலியோரம் சேர்ந்த சருகை மருமகன் இன்னொரு முறை ஊதினான். சருகும் தூசியும் கழுதை எருவின் பொடியும் கிடுகு வேலியைத் தாண்டி, அப்பால் ஓலைப்பாயில் உலரவைத்திருந்த மீனின்மேல் சென்று வீழ்ந்தன. அயல்வீட்டார் எங்களை நன்கறிந்தவர், பெரிதும் கோபிக்கவில்லை. ஆயினும் கருவாடு அவர்களுக்கு வாழ்வு. நாங்கள் பாயருகே அமர்ந்து, ஒவ்வொரு மீனாக எடுத்து உதறித் துடைத்துக் கொடுத்தோம். பத்து நிமிட வேலை இரண்டு மணி நேரத்தை விழுங்கிற்று. அம்மையார் அப்போதுதான் தம் முதலாவது தீர்ப்பை வழங்கினார். “தம்பி, இது கூட்டேல்ல, கலைக்குது” என்றார்.

கூட்டலும் பெருக்கலும்

அவர் கூறியது நகைச்சுவையாயினும் அதில் மொழிநுட்பமும் இருக்கிறது. குப்பையை அகற்றும் செயலுக்குத் தமிழில் வழங்கும் சொற்கள் யாவை? கூட்டுதல் என்கிறோம், பெருக்குதல் என்கிறோம். கணக்கிலும் கூட்டலும் பெருக்கலும் உண்டு. இரண்டும் வளர்ச்சியைக் குறிப்பன. குறைவைக் குறிப்பன அல்ல. சிதறிக் கிடப்பதை ஓரிடத்தில் ஒன்றுசேர்ப்பதே கூட்டுதல். அயலான் வளவுக்குத் தள்ளிவிடுவதைக் கூட்டுதல் என்று தமிழன் சொல்லவில்லை. கோயிற்றொண்டுகளுள் ஒன்றாகிய திருவலகிடுதலை எண்ணுக. மாந்தைக் கரையிலுள்ள திருக்கேதீச்சரம் சம்பந்தராலும் சுந்தரராலும் பாடப்பெற்ற தலம். அவ்வரிசையில் வைத்துப் போற்றப்படும் திருநாவுக்கரசரோ உழவாரத்தைக் கையிலேந்தி, கோயில் முன்றிலைத் தூய்மை செய்வதையே தொண்டாகக் கொண்டவர். தேவாலயத் திருவிழாவின் முன் ஊரவர் கூடிச் செய்யும் சிரமதானமும் அந்த மரபைச் சேர்ந்ததே. கூட்டும் கை தாழ்ந்த கையன்று என்று நம் சமயங்கள் யாவும் கூறியிருக்கின்றன. சமூகம் மாத்திரம் அதனை முழுதும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

கூட்டிய இலை எங்கே போகிறது என்பதும் ஒரு கேள்வி. மன்னார் உலர்வலயத்தைச் சேர்ந்தது. மழை பெரும்பாலும் ஐப்பசி தொடங்கி மார்கழி வரையிலுமே. மணலோ நீரையும் தங்கவிடாது, உரத்தையும் தங்கவிடாது. இத்தகைய மண்ணுக்கு உதிர்ந்த இலை குப்பையன்று, முதல். பள்ளிமுனையிலே 19.5 மீற்றர் சுற்றளவோடு நிற்கும் பெருக்க மரம் அரபு வணிகரால் கொண்டுவரப்பட்டதென்பர். வறட்சியிலே அது தன் இலையை உதிர்த்து நீரைச் சேமிக்கிறது. மரம் இலையை உதிர்ப்பது முற்றத்தை அழுக்காக்குவதற்கன்று. தான் பிழைப்பதற்கும் தன் அடிமண்ணை வளமாக்குவதற்குமே. பூவரசங்குழையை வெட்டி மண்ணிலே தாழ்க்கும் வழக்கம் வடபுலத்து உழவர்க்கு நெடுங்காலமாக உண்டு. அவர் குழை தாழ்த்தார். நாமோ சருகைக் கொளுத்துகின்றோம். விளக்குமாற்றைப் புகழும்போது இந்தத் தவற்றையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். பொறி இலையைச் சிதறடிக்கிறதென்று குறைகூறும் நாம், விளக்குமாற்றாற் சேர்த்த இலைக்கு மறுகணமே நெருப்பு வைக்கின்றோம். தென்னையின் அடியிலும் முருங்கையின் அடியிலும் அதனைப் பரப்பினால் கோடையில் ஈரம் தங்கும்; ஒரு குழியிலிட்டு மண் தூவி நீர் தெளித்து வந்தால் மழைக்காலத்தின் முன் எருவாகும்.

அயல் நாடுகளின் அனுபவம்

இப்பொறி பரவிய வரலாற்றையும் சிறிது நோக்குவோம். பயிருக்கு மருந்து தூவும் முதுகுப்பொறியிலிருந்தே இலையூதி வளர்ந்ததென்பர். 1970களில் கலிபோர்னியாவில் நீர்ப்பஞ்சம் நேர்ந்தபோது, நடைபாதையை நீரால் கழுவுவதற்குப் பதிலாகக் காற்றால் துடைப்பது பரவிற்று. உடனே முறைப்பாடும் எழுந்தது. கார்மெல் என்ற சிறு கடற்கரை நகரம் 1975ஆம் ஆண்டிலேயே அதனைத் தடைசெய்தது. எண்ணெயால் இயங்கும் பொறியின் இரைச்சலும் புகையும் அத்தகையன. அப்பொறியொன்று ஒரு மணி நேரத்தில் உமிழும் நச்சுக்காற்று, ஒரு புதிய மோட்டார்க் கார் ஏறத்தாழ 1,100 மைல் ஓடும்போது உமிழ்வதற்கு ஒப்பாகும் என்று அம்மாநிலத்தின் காற்றுத் தூய்மை வாரியம் கணித்தது. 2021ஆம் ஆண்டில் அங்கே இயற்றப்பட்ட சட்டத்தின் வழி, அத்தகைய புதிய சிறு எண்ணெய்ப் பொறிகளின் விற்பனை 2024ஆம் ஆண்டு முதல் நிறுத்தப்பட்டது. பற்றரிப் பொறிக்கு இன்று கிடைத்திருக்கும் பெருமைக்குக் காரணம் இதுவே. அது புகையை நீக்கியது, இரைச்சலைக் குறைத்தது. ஆனால் அது வீசும் காற்று பழைய காற்றே. 2019ஆம் ஆண்டில் ஜெர்மனியின் சுற்றுச்சூழல் அமைச்சு, இலையூதிகள் சருகினுள் வாழும் சிற்றுயிர்களுக்குக் கேடு விளைப்பன என்று கூறி, இன்றியமையாத வேளையிலன்றி அவற்றைத் தவிர்க்குமாறு குடிமக்களைக் கேட்டுக்கொண்டது.

இந்த வரலாற்றில் நம் நெஞ்சைத் தொடும் ஏடு வேறொன்று உண்டு. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வீடுகளின் அருகே எண்ணெய் ஊதிகளைப் பயன்படுத்துவதற்குத் தடை வந்தபோது, 1998ஆம் ஆண்டு ஜனவரியில், தோட்டத் தொழிலாளர் சிலர் நகரமன்றத்தின் முன் உண்ணாநோன்பு இருந்தனர். இலத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள் அவர்கள். மாளிகைவாசிகளின் செவிக்கு அப்பொறி ஒரு தொல்லை. அவர்களுக்கோ அஃது ஒரு நாளில் இன்னும் இரண்டு தோட்டத்தை முடிக்க உதவும் சோறு. ‘விளக்குமாற்றை எடுத்துக்கொள்’ என்று சொல்பவன் விளக்குமாற்றை எடுப்பவனல்லன். இதனைப் படித்தபின், மணல் முற்றத்தில் பொறி தோற்றதைக் கண்டு நான் கொண்ட மகிழ்ச்சி சற்றுக் குன்றிற்று. நானும் கூட்டுபவனல்லன், திண்ணையிலிருந்து பார்ப்பவன்.

இரண்டாவது தீர்ப்பு

நான்காம் நாள் மருமகன் அம்மையாரிடமே பொறியைக் கொடுத்தான். அயலிலுள்ள பள்ளிக்கூடமொன்றின் சீமெந்து முன்றிலையும் விறாந்தையையும் கூட்டுவதும் அவர் பொறுப்பே. வேகத்தைப் பாதிக்குக் கீழே வைத்து, குழலின் வாயைத் தரையோடு தாழ்த்தி, சுவரோரத்திலிருந்து நடுவே நோக்கி ஊதும்படி காட்டிக்கொடுத்தோம். அங்கே பொறி தன் திறமையைக் காட்டிற்று. சீமெந்துத் தரையில் இலை மாத்திரமே எழுந்தது. வாங்குகளின் கால்களுக்கிடையிலும், வடிகாலின் கம்பிகளுக்கிடையிலும், விளக்குமாறு நுழையாத மூலைகளிலும் காற்று நுழைந்தது. ஒன்றரை மணி நேர வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. நடுவே சேர்ந்த குவியலை அவர் கடகத்தில் அள்ளிக்கொண்டுபோய் மரத்தடியிற் கொட்டினார்.

வேலை முடிந்தபின் பொறியை வாங்கின்மேல் வைத்துவிட்டு, அவர் கூறியது இவ்வளவே: “மாஸ்டர், நிமிந்து நிண்டு கூட்டினது இண்டைக்குத்தான்.”

முப்பது ஆண்டு! அந்த முப்பது ஆண்டிலும் அவர் குனிந்து கூட்டுவதைத் திண்ணையிலிருந்து பார்த்தவன் நான். மணலில் அவர் வரைந்த அலைக்கோலத்தின் அழகை வியந்து பாராட்டியும் இருக்கிறேன். அந்தக் கோலத்தை வரைந்த கைப்பிடி முழங்கால் அளவே உயரமானது என்பதை ஒருநாளும் எண்ணியதில்லை. கருவியின் அழகை எழுதும் நாம், கருவியின் பிடியிலுள்ள முதுகை எழுத மறந்துவிடுகின்றோம்.

ஆயினும் பொறி அவருக்கு முழு ஆறுதல் தரவில்லை என்பதையும் கூறுதல் வேண்டும். பற்றரியோடு அதன் நிறை நாலரைக் கிலோ. முதுகு நோகவில்லை, மணிக்கட்டு நொந்தது. ஒலியும் சிறிதன்று. இத்தகைய வலிய பொறிகள் பிடித்திருப்பவர் செவியருகே 85 டெசிபலை எட்டுவதும் கடப்பதும் உண்டு. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்திற்கு மேல் கேட்கலாகாதென்பதும், 3 டெசிபல் கூடுந்தோறும் அந்நேரத்தைப் பாதியாக்கவேண்டும் என்பதும் தொழிற் சுகாதார நூலார் வகுத்த விதி. ஆகவே செவியடைப்பானும் கண்ணாடியும் மூக்கு மறைப்பும் பொறியோடு சேர்த்து எண்ணப்பட வேண்டியவை. பொறியை வாங்கிக் கொடுத்துவிட்டு இவற்றை மறந்தால், ஒரு நோயை எடுத்து மற்றொரு நோயைக் கொடுத்தவராவோம்.

முடிபு

இனி மதிப்பீட்டைத் தொகுத்துக் கூறுவேன். மணல் முற்றமும் தோட்டமும் மாத்திரம் உள்ள வீட்டுக்கு இப்பொறி வேண்டியதில்லை, தீங்கும் செய்யும். சீமெந்து முன்றில், மண்டபம், விறாந்தை, தார்பூசிய பாதை ஆகியன உள்ள பள்ளிக்கூடத்துக்கும் வழிபாட்டிடத்துக்கும் அது பயன்படும். அதிலும் பலர் கூடிக் கலைந்த திருவிழாவின் மறுநாட் காலையில் மிகவும் பயன்படும். வாங்குவோர் உச்ச வேகத்தின் எண்ணைக் கண்டு மயங்காது, குறைந்த வேகத்தை நுட்பமாக மாற்றும் வசதி உண்டா, இரண்டாம் பற்றரி கிடைக்குமா, பழுதுபார்ப்போர் அருகில் உளரா என்பவற்றைக் கேட்கவேண்டும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோழகம் வீசும் மாதங்களில் அதனை உறியிலே வைத்துவிடலாம். தெற்கிலிருந்து வரும் அந்தப் பெருங்காற்றோடு எந்தப் பற்றரியும் வாதாட இயலாது. உப்புக்காற்று மின்தொடுப்புகளை அரிக்கும். நுண்மணல் விசிறியையும் தாங்கிகளையும் தேய்க்கும். வெயிலில் வைத்த பற்றரியின் ஆயுள் குறையும். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் வைப்பதே முறை.

இவற்றினும் மேலான ஒரு முடிபு எங்களுக்குக் கிடைத்தது. அதற்குப் பற்றரி தேவைப்படவில்லை. தோளளவு உயரமான கமுகந்தடி ஒன்றைச் சீவி, அதன் முனையில் ஈர்க்குக் கற்றையை விசிறிபோல விரித்துக் கட்டினோம். இஃது எங்கள் கண்டுபிடிப்பன்று. நாட்டின் தென்பகுதி வீடுகளில் நெடுங்காலமாக வழங்கும் கருவி. நம்மவர் கடைகளிலும் கிடைப்பது. தும்புத்தடிக்கு நீண்ட பிடி போட்டு வீட்டினுள்ளே நிமிர்ந்து நின்று கூட்டிய நாம், முற்றத்தைக் கூட்டுபவருக்கு மாத்திரம் அந்தப் பிடியைக் கொடுக்காதிருந்தோம். பனந்தும்பை மேனாட்டுத் தூரிகைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பிவைத்த நாட்டவர் நாம். அங்கே அத்தும்பு நீண்ட பிடியேறித் தெருக்களைக் கூட்டிற்று. இங்கே அதன் ஈர்க்கு குட்டைப் பிடியோடே தங்கிவிட்டது.

பொறி இன்று பள்ளிக்கூடத்து அலுமாரியில் இருக்கிறது. சீமெந்துக்கு அது, மணலுக்கு ஈர்க்கு. அம்மையாரின் வேலை போகவில்லை. அதன் நேரம் சுருங்கியது, ஆனால் கூலி சுருங்கவில்லை. அவ்வாறு சுருங்கலாகாதென்று பள்ளிக்கூடத்தாரும் நாங்களும் ஒருங்கே இசைந்தோம். நேரத்தை மிச்சப்படுத்தும் கருவி யாருடைய நேரத்தை மிச்சப்படுத்துகிறதோ, அவருக்கே அந்த மிச்சம் உரியது. இது நீதி, இதனைப் பொறியின் பெட்டியில் யாரும் அச்சிட்டு அனுப்பமாட்டார்கள். நாமேதான் எழுதிக்கொள்ளல் வேண்டும்.

மருமகன் மீண்டும் கனடா சென்றுவிட்டான். விடியலில் சர், சர் என்ற ஓசை எங்கள் வளவில் இப்போதும் கேட்கிறது. முன்னைக்கு இப்போது அது சற்றே நீண்டு ஒலிக்கிறது. பிடி நீண்டதால் வீச்சும் நீண்டிருக்கிறது. எழுந்து வந்து நோக்கினால், மணலில் அதே அலைக்கோலம். அதன் நடுவே நிமிர்ந்து நிற்கிறார், அதை வரைந்தவர்.